நம் தெருவுக்கும் ஒன்று

அக்கா,

எதிரே இருக்கும் காப்பகத்துக்கு இன்று சுண்ணாம்பு அடித்தார்கள். அதைத் திறந்த நாளில் வந்த அதே ஈரச் சுண்ணாம்பின் வாசம் வீட்டுக்குள் வந்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். நீங்கள் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பழைய பயம் எனக்குப் போகவில்லை.

அப்போது நான் பேரூராட்சி அலுவலகத்தில் உதவியாளர். நீங்கள் எங்கள் வார்டு உறுப்பினர். சதுரங்கப்பட்டினத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, கூடையில் மீன் விற்றே வீடு வீடாக அறிமுகமானவர். அந்த வருட ஐப்பசி மழையில் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த முதியவர் ஒருவர் நனைந்து விறைத்து இறந்தார். அதன் பிறகுதான் வீடில்லாதவர்களுக்கு மூன்று காப்பகங்கள் என்று முடிவானது. மூன்றையும் குப்பைக்கிடங்கை ஒட்டிய காலனியிலேயே வைக்கலாம் என்று கோப்பில் எழுதினார்கள். அதைப் படியெடுத்தவள் நான்.

நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. குப்பை அங்கே, ஆடு வெட்டுவது அங்கே, இதுவும் அங்கேயா என்று கேட்டீர்கள். மூன்று வார்டுக்கு ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்லி, முதலாவதை நம் தெருவின் பழைய பால் சொசைட்டி கட்டடத்துக்கே கேட்டீர்கள். அது என் வீட்டுக்கு நேர் எதிரே.

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கணவர் வேலைக்குப் போய்விட்டால் நாங்கள் இருவர்தான். காப்பகம் வேண்டாம் என்று தெருவில் ஒரு மனு சுற்றி வந்தது. பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் அந்தத் தாளோடு என் மேசை முன் வந்து நின்றீர்கள்.

"பயமா கீதுன்னா கூட்டத்துல வந்து சொல்லு. நான் கேட்டுக்கறேன். ஆனா எடத்த மாத்த மாட்டேன்" என்றீர்கள்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். முந்தின நாளே உங்கள் வீட்டு ஜன்னலில் கல் விழுந்திருந்தது. பெண் குழந்தை இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். காலனியிலிருந்து வந்த ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க வூட்லயும் பொண்ணுங்க கீதுங்கம்மா." நீங்கள் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னீர்கள்.

மன்றத்தில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் உங்கள் தீர்மானம் நிறைவேறியது. காப்பகம் திறந்ததும் நான் கதவுக்கு இரண்டு பூட்டு வாங்கினேன். நீங்களோ தினமும் சாயங்காலம் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, என் கணவர் வரும்வரை காப்பக வாசலில் என் வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு மாதம் அப்படிக் காவல் இருந்தீர்கள். அங்கிருந்து எங்களுக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை.

அடுத்த தேர்தலில் தோற்றுப்போனீர்கள். நம் தெரு உங்களுக்குப் போடவில்லை. நானும் போடவில்லை அக்கா. காப்பகத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னவருக்குப் போட்டேன்.

முடிவு வந்த மறுநாளும் என் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, சங்கரா மீனைச் செதில் எடுத்துக் கொடுத்தீர்கள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டுவிடுவீர்களோ என்று உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், உங்களுக்குத்தான் என்று சொல்லியிருப்பேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பேன் என்பதுதான் இன்று என்னை நடுங்க வைக்கிறது.