பாறையில் மஞ்சள் அம்பு

மார்ச் 2, ஞாயிறு

மலைப்பாதையில் மழையில் அழிந்துபோன அம்புக்குறிகளை எங்கள் நடைக்குழு இன்று மஞ்சள் பெயின்ட்டில் திரும்ப வரைந்தது. மேல் பாதி என் பங்கு. ஜீப்பில் உச்சிக்குப் போய், இறங்கிக்கொண்டே அடித்தேன். ஏறிக்கொண்டே அடிக்க எனக்கென்ன பைத்தியமா? பத்தொன்பது அம்பு, ஒரு சட்டை நாசம். "மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கிறவருக்கு எதுக்கு இந்த பெயின்டர் வேலை" என்றாள் மனைவி. வாரம் முழுக்க "இந்த எழுத்து தெரியுதா" என்று கேட்கிறவனுக்கு ஒரு நாளாவது மலை வேண்டாமா?

மார்ச் 9, ஞாயிறு

மச்சினன் பள்ளத்தில் விழுந்துவிட்டான். உயிர் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன்.

மார்ச் 10

வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. இடுப்பிலும் அடி. புதியவர்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனவன், பாதை பிரியும் இடத்தில் பனி மூடியதால் அவர்களை நிற்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் முன்னால் போயிருக்கிறான். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது சொன்னான்: "அம்பு வலது பக்கம்தான் காட்டுச்சு மாமா."

"அங்க இடது பக்கம்டா. அடிச்சதே நான்தான். நீ பராக்குப் பார்த்திருப்ப."

எல்லார் முன்னாலும் சொன்னேன்.

மார்ச் 13

குழுக் கூட்டம். "தப்பையும் பண்ணிட்டு பழியைப் பாறை மேல போடறான்" என்றார் செயலாளர். இனி அவன் யாரையும் மலைக்கு அழைத்துப் போகக் கூடாது என்று முடிவு. பதினோரு வருஷமாக அவனுக்கு ஞாயிறு என்றால் அதுதான். நானும் கை தூக்கினேன்.

மார்ச் 15

"என் கண்ணை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க மாமா. எல்லாரும் சொல்றதைப் பார்த்தா எனக்கே சந்தேகமா இருக்கு."

கடையிலிருந்து எழுத்து அட்டையைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். கடைசி வரி வரை தட்டாமல் வாசித்தான்.

மார்ச் 16, ஞாயிறு

தனியாக ஏறினேன். அம்பு வலது பக்கம்தான் காட்டுகிறது.

என் அம்பு. ஏறுகிறவனுக்கு இடது என்று நினைத்துக்கொண்டே, மேலிருந்து இறங்கி வந்து, தரையோடு கிடக்கும் பாறையில் கீழ்நோக்கிக் குனிந்த நான் என் இடது பக்கம் இழுத்திருக்கிறேன். கடையில் எதிரே உட்காருபவரின் இடது கண் எனக்கு வலப்பக்கம். இருபது வருஷத்தில் அதில் ஒரு தடவை தப்பியதில்லையே. பாவி, இதில் எப்படி—

போட்டோ எடுத்துக்கொண்டேன். பிறகு தின்னர் போட்டு அழித்து, சரியாக வரைந்தேன். விட்டுவைத்தால் அடுத்தவன் விழுவான். ஆனால் தின்னரை வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருக்கிறேன். கிளம்பும்போதே தெரிந்திருந்ததா எனக்கு?

மார்ச் 17

சொல்லவில்லை.

மார்ச் 18

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 20

மனைவியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "என் தம்பி காலை உடைச்சுட்டு அவனுக்கே கண் டெஸ்ட் பண்ணீங்களா?" அப்போது தெரியாதே என்றேன். என்ன பேச்சு இது, எனக்கே கூசியது.

மார்ச் 22

மச்சினனிடம் போட்டோவைக் காட்டினேன். திட்டுவான் என்று நினைத்தேன். போனைத் திருப்பிக் கொடுத்தான். "கால் போனா போகுது மாமா. நான் பொய் சொல்றேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்." அழுதான். முப்பத்தெட்டு வயசு ஆள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மார்ச் 27

கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் கை தட்டினார்கள். எனக்கு. "இதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேணும்" என்று செயலாளர் தோளில் தட்டினார். மச்சினன் இடத்தில் இனி என்னையே புதியவர்களை அழைத்துப் போகச் சொன்னார்கள். இவர்கள் நான் சொன்னதைக் கேட்டார்களா இல்லையா? முடியாது என்றேன். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அவன்கிட்ட மன்னிப்பு கேட்கப் போறேன். யார் யார் வர்றீங்க?" எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

மச்சினனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனைப் பார்த்துக்கொள்ள என் மனைவி போய் மூன்று நாளாயிற்று. பத்தரை வரை அவன் வீட்டு வாசலில் நின்றேன். குழுவிலிருந்து யாரும் வரவில்லை. நான் மட்டும் மணி அடித்தேன். அவள்தான் கதவைத் திறந்தாள்.

"கை தட்டினாங்களாமே" என்றாள்.

உள்ளே போகக் காலெடுத்து வைத்தேன்.

"அவன் தூங்கறான்."

உள்ளே அவன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது நன்றாகக் கேட்டது.

"சரி, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.