முக்கால் சுற்று

இன்று காலை உடைத்த நாட்டுக்கோழி முட்டைக்குள் சிவப்பு நூல்கள் இருந்தன. சித்தையன்கோட்டையிலிருந்து மாமியார் எனக்காகக் கொண்டுவந்த முட்டை. அடையிலிருந்து எடுத்தது போலிருக்கிறது. மஞ்சள் கருவின் மேல் வலையாக ரத்தக்குழாய்கள். நடுவில் ஒரு புள்ளி. துடிக்கவில்லை. இரும்பும் வெதுவெதுப்பும் கலந்த வாடை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். கொட்டத் தோன்றவில்லை.

உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். நீ இல்லை என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எனக்குள் ஒரு குழந்தை வளர்கிறது. பதினோராவது வாரத்தில் திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. டாக்டரம்மா ஒரே இடத்தில் கருவியை அழுத்திப் பிடித்தார்.

“தொப்புள்கிட்ட குடல் கொஞ்சம் வெளிய தெரியுது. இந்தச் சமயத்துல சகஜம்தான். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, உள்ள போயிருக்கும்.”

“போகலன்னா?”

“அதை அப்பப் பாத்துக்குவோம்மா.”

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார். “கொடலு வெளிய கெடந்தா புள்ள எப்புடிச் சாப்டும்?”

“அதுக்கு இன்னும் வாயே தொறந்திருக்காதும்மா” என்றார் கணவர்.

வாய் எப்போதோ திறந்துவிட்டது.  விடுதியில் ஓயாமல் பேசும் பெண் ஒருத்தியிடம் நீ சொன்னது ஞாபகம் வந்தது. “நம்மள மாதிரி ஜீவனுக்கெல்லாம் மொதல்ல உண்டாகற ஓட்டை வாய் இல்ல புள்ள, அடுத்த பக்கத்து வாசல். உனக்கு மட்டும் எப்படி மாறி வந்துச்சு?” அவள் தலையணையால் உன்னை அடித்தாள். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு அதை நினைத்து எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சின்னாளபட்டிப் பக்கம் நாம் படித்த அந்த இரண்டு வருடமும் ஆய்வகத்தில் உன் இடம் அடைகாப்புப் பெட்டிக்கு அருகில். முட்டை ஓட்டில் சதுரமாகச் சன்னல் வெட்டி உள்ளே பார்ப்போம். முதலில் குடல் என்று ஒன்றும் கிடையாது. தட்டையான ஒரு விரிப்பு. தலைப்பக்கம் ஒரு மடிப்பு விழுகிறது, வால்பக்கம் ஒரு மடிப்பு. இரண்டும் நெருங்கிக் குழாயாகின்றன. நடுப்பகுதி மட்டும் மஞ்சள் கருவைப் பார்த்துத் திறந்தே கிடக்கிறது. நீ இதைப் பார்க்கும்போது மூச்சுவிட மறந்துவிடுவாய். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன்.

ஒரு சாயங்காலம் திண்டுக்கல் பஸ். நிலக்கோட்டை மல்லிகை மூட்டைகள் வழியை அடைத்துக் கிடந்தன. தேர்வுக்கு எனக்குக் குடல் சுழற்சி புரியவில்லை. நீ துப்பட்டாவை வளையமாகப் பிடித்துத் திருகிக் காட்டினாய். எதிரே மூட்டை மேல் கைவைத்து உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா பார்த்துக்கொண்டே வந்தார்.

“ஏத்தா, என்ன கயிறு திரிக்கிறீக?”

“குடலுங்க்கா” என்றாய்.

“அய்ய. பூவ வச்சுக்கிட்டு இருக்கேன், கொடலுங்கிற.” பிறகு அவரே கேட்டார். “ஆட்டுக்கொடலு கழுவுறப்ப நானும் நெனப்பேன். அம்புட்டு நீளம் எப்புடி இத்தினிக்காணு வயித்துக்குள்ள மடிஞ்சு கெடக்குன்னு.”

“மொதல்ல வெளிய போயிருதுங்க்கா. கல்லீரல் அவசரமாப் பெருத்துருது, உள்ள எடம் பத்தறதில்ல. தொப்புள்கொடி வழியா வெளிய போயி, இப்படி முக்கால் சுத்து சுத்தித் திரும்பி வந்து படுத்துக்குது.”

“எங்க வீட்டுக்காரரும்தான் வெளிய போறாரு. எடமில்லாமயா போறாரு?”

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “சரி, யாரு கூப்டு அது திரும்பி வருது?”

நீ துப்பட்டாவை விட்டுவிட்டாய். “அது தெரியலீங்க்கா.”

தேர்வில் எனக்குக் குடல் சுழற்சியே வந்தது. நன்றாக எழுதினேன்.

சாப்பிட்டு எழுந்ததும் இடது உள்ளங்கையால் வயிற்றை அழுத்திக்கொள்வாய். கேட்டால், “வாயு புள்ள.” பையில் எப்போதும் இஞ்சி மொரப்பா. எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும். நமக்குள் அது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

படிப்பு முடிந்த மறு வருடம் ஒட்டன்சத்திரத்திலிருந்து உன் அப்பா போன் செய்தார். நான் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பச்சையாக வாந்தி எடுத்தாயாம். வயிற்றைத் திறந்தபோது குடல் முறுக்கிக் கறுத்திருந்ததாம். பிறப்பதற்கு முன்பே முழுதாகச் சுழலாமல் பாதியில் நின்ற குடல் என்று அறுவை செய்தவர் சொல்லியிருக்கிறார்.

உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அம்மிணி, நீயும் அதுதான படிச்சே. பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்துச்சுங்கறாரு. அப்ப இத்தன வருசம் அது எங்க இருந்துச்சு?”

பாதி சுழன்ற குடல் வருடக்கணக்கில் சும்மா கிடந்து ஒருநாள் முறுக்கிக்கொள்ளலாம் என்று பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. என் வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது பதில்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

இன்னும் புரியவில்லை. முக்கால் சுற்றை எனக்குத் திருகிக் காட்டியவள் நீ. காட்டிக்கொண்டிருந்த நேரத்திலும் உனக்குள் அது பாதிச் சுற்றில் நின்றுகொண்டிருந்தது. சாப்பிட்டதும் நீ அழுத்திய உள்ளங்கை அங்கேதான் இருந்தது. இதை நான் எந்தப் பக்கமிருந்து படிப்பது? தெரிந்திருப்பது எதற்கு என்று கேட்டால் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

முதல் ஸ்கேனுக்குப் பிறகு அந்த இரண்டு வாரமும் ஒரே கணக்கு. குடல் உள்ளே போகாவிட்டால் இந்தக் குழந்தை என்னாகும். உள்ளே போனாலும், நீயும் உள்ளே போன குடலோடுதானே பிறந்தாய்.

நேற்று மறுபடி ஸ்கேன். டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். “போயிருச்சு பாருங்க. நீட்டா மூடிருச்சு. இனி நிம்மதியா இருங்க.”

“சரியா சுத்திப் போயிருக்கா மேடம்?”

அவர் என்னைப் பார்த்தார். “என்ன படிச்சிருக்கீங்க?”

“விலங்கியல்.”

“அதானே பாத்தேன்.” சிரித்தார். அன்பான சிரிப்புதான். “அது இதுல தெரியாதும்மா. பொறந்தப்புறம் பச்சையா வாந்தி எடுத்தா உடனே தூக்கிட்டு ஓடணும். எடுக்கலன்னா நல்லாயிருக்குன்னு அர்த்தம்.”

“எடுக்காமலேயே வளர்ந்து, பெரிய ஆளானப்புறம்...”

“அப்படிப் பாத்தா யாரும் புள்ளை பெத்துக்கவே முடியாது.” அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே கணவர் எழுந்து நின்றிருந்தார். “போயிருச்சா?”

“போயிருச்சு.”

கூட வந்திருந்த மாமியார் இரு கைகளாலும் என் முகத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடக்கு முறித்தார். அவர்களிடம் மீதியைச் சொல்லவில்லை. பொய் சொன்னேனா? போயிருச்சு என்பது உண்மை.

பஸ் நிலையத்தருகே ஹோட்டலுக்குள் போனோம். மத்தியானக் கூட்டம். சாம்பார் வாளியோடு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் கலந்தாள். கண்டக்டர் ஒருவர் நின்றுகொண்டே தோசையைப் பிய்த்தார். நான் ஒவ்வொரு வயிறாகப் பார்த்தேன். இவர்களில் எவருடைய குடல் முக்கால் சுற்று, எவருடையது பாதி என்று யாருக்கும் தெரியாது. எனக்குள் இருப்பது எத்தனை சுற்று என்று எனக்கும் தெரியாது. இருபத்தாறு வருடமாக அதை நம்பி விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இது ஆறுதலா, இன்னும் பெரிய பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. உன்னிடமிருந்து எனக்குத் தங்கியது பாடம் என்று நினைத்திருந்தேன். இந்தப் பிரிக்க முடியாமைதான் தங்கியிருக்கிறது போல.

இலையில் சோறு விழுந்தது.

“சாப்டு ஆத்தா” என்றார் மாமியார். “என்ன பராக்குப் பாக்குற?”

பசித்தது. சாப்பிட்டேன்.