கெம்பிக்கும் யுவஸ்ரீக்கும் ஒரே சேணம்

ஜூஜுவாடி,
ஞாயிற்றுக்கிழமை.

யுவஸ்ரீ அப்பாவுக்கு,

காவியா எழுதுவது. நாங்கள் ஏதோ இருக்கிறோம். குஜராத்தில் குளிர் அதிகமாமே, உங்கள் இருமல் தேவலையா? போனில் நான் வாயைத் திறப்பதற்குள் “கம்பெனி லைன்ல கூப்பிடறாங்க” என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

அத்தை வேப்பனப்பள்ளியிலிருந்து வந்து நாலு நாள் இருந்தார்கள். மாமரம் பூ வைத்திருக்கிறதாம். “பொட்டப்புள்ளய குதிர மேல ஏத்தி ஊருக்கு வேடிக்க காட்டறியா” என்று தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறித் திட்டினார்கள். திட்டிக்கொண்டே பிள்ளையின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்கள்.

குதிரை விஷயத்தை முழுதாக நான் உங்களிடம் சொன்னதே இல்லை. பிறந்ததிலிருந்து இறுகிக் கிடக்கிற யுவஸ்ரீயின் கால்களுக்குச் சவாரி நல்லது என்று டாக்டர் சொன்னார். தளி ரோட்டில் நிர்மலா மேடம் குதிரைகள் வைத்திருக்கிறார்கள். அங்கே கெம்பி என்று ஒரு வயதான செவலைக் குதிரை. நாற்காலியில் உட்காரவைத்தால் மூட்டை போல் சரிகிறவள், கெம்பி முதுகில் மட்டும் தலையை நிமிர்த்தி உட்காருகிறாள்.

சேணம்தான் எங்களைப் படாதபாடு படுத்தியது. கெம்பிக்கு முதுகு அகலம். அதற்குப் பொருந்திய சேணத்தில் இவளுக்குத் தொடை விரியவில்லை, அழுதாள். ஒடுக்கமான ஒன்றை மேடம் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தார்கள். அது இவளுக்குச் சரியாக இருந்தது, கெம்பியின் முதுகைக் கவ்விப் பிடித்தது. நான் சும்மா இருக்காமல் இலவம்பஞ்சில் ஒரு மெத்தை தைத்து அடியில் போட்டேன். கெம்பி காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தது. போதவில்லை போலிருக்கிறது என்று ஒரு கம்பளியையும் மடித்துப் போட்டேன். சேணத்தை எடுத்தபோது முதுகெல்லாம் வியர்வை, முன்பக்கம் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்திருந்தது. பஞ்சு உறிஞ்சிவிட்டது பாருங்கள் என்று பெருமையாகக் காட்டினேன். மேடத்தின் முகம் மாறிவிட்டது. “வேர்க்கக்கூட விடாம அங்கதாம்மா அழுத்திருக்கு. டைட்டான ஷூவுக்குள்ள ரெண்டு சாக்ஸ் போட்ட மாதிரி ஆயிடுச்சு” என்றார்கள். அந்த இடத்தில் மேடம் விரல் வைத்ததும் கெம்பி முதுகைத் தாழ்த்திக்கொண்டது. வாயில்லாத ஜீவன்.

முதுகு ஆறும்வரை சவாரி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் இவள் கால் பழையபடி கத்தரிக்கோலாகப் பின்னிக்கொண்டது. ராத்திரியெல்லாம் முனகல்.

அப்புறம்தான் பிரேம்குமார் அண்ணன் ஞாபகம் வந்தது. கம்பெனியில் உங்களோடு கார் சீட் தைக்கிற லைனில் இருந்தவர், இப்போது பாகலூர் ரோட்டில் கார் சீட் கவர் கடை வைத்திருக்கிறார். தடித்த கரண்ட் ஒயரைக் கெம்பியின் முதுகில் வளைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்துகொண்டார். இவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்றும் பார்த்தார். பழைய அகலச் சேணத்தையே பிரித்து, தொடை படுகிற இடத்தில் திணிப்பைக் குறைத்து, அடியில் கம்பளி அடைத்தார். சரியாக வரவில்லை. பிரித்தார், தைத்தார், மறுபடி பிரித்தார். “வெங்கட் இருந்தா ஒரே தடவையில முடிச்சிருப்பான், அவன் கை அப்படி” என்று உங்களைச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் நீங்கள் செய்த சீட்டில்தானே சுகமாக உட்கார்ந்து போகிறார்கள்.

கெம்பிக்கு முதுகு ஆறியதும், போன வியாழக்கிழமை ஏற்றினோம். இவள் அழவில்லை. இறக்கிய பிறகு பார்த்தால் கெம்பியின் முதுகு எல்லா இடத்திலும் ஒரே சீராக நனைந்திருந்தது. மேடம் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் லாயத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

இப்போது சேணம் இருக்கிறது, ஆள் இல்லை. இதில் சாய்மானம் வைக்க முடியாதாம், கெம்பியின் முதுகில் குத்துமாம். அதனால் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். இடப்பக்கம் நான். வலப்பக்கம் வினிதா என்று அங்கே வேலை செய்கிற பெண் நடந்தாள். அவளுக்கு செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, பொங்கல் முடிந்ததும் சேருகிறாள். நல்ல பெண், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். வலப்பக்கம் ஆள் இல்லாமல் ஏற்றவே மாட்டேன் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அத்தையால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

கம்பெனிதான் அனுப்புகிறது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்களே கேட்டு வாங்கிய மாற்றல் என்று பிரேம்குமார் அண்ணன் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். சண்டை போட எழுதவில்லை. பிள்ளையை அந்த நிலையில் பார்க்க உங்களால் முடியவில்லை. எனக்கும் பல நாள் முடிவதில்லை. நான் யாரிடம் போய் மாற்றல் கேட்பது?

நடக்கிறாளா என்று இனிமேல் கேட்காதீர்கள். உட்காருகிறாள். பொங்கலுக்கு வாருங்கள். வந்து யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். அவள் தொடைமேல் கை வைத்து, கெம்பியின் வலப்பக்கமாக நடந்தால் போதும். கெம்பி மெதுவாகத்தான் போகும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். சாமி உங்களுக்குத் தைரியத்தைக் கொடுக்கட்டும். மிச்சமிருந்தால் எனக்கும் கொஞ்சம் கொடுக்கட்டும்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
காவியா