அசையாத போல்ட்

ஜூன் 8, 2024

குழியில் இறங்கினால் முன்சக்கரத்தில் ‘டொக்’ என்கிறது. சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும், வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்றான் ஜெரிஷ். இந்தக் காரை வாங்கித் தந்தவனே அவன்தான். அவனுடைய மச்சான் கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் ஓட்டிய வண்டி. மலையைவிட்டு இறங்காதது என்றான். படிப்பு முடிந்து குலசேகரம் திரும்பிய எனக்கு மிஞ்சிய ஒரே நண்பன்.

ஜூன் 9

சக்கரத்தைக் கழற்றினோம். அதைத் தாங்கும் இரும்புக் கையில் ஒரு போல்ட். அசையவில்லை. நெம்புவதற்கு ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் செருகினோம்.

“நீ எழுதுற கவிதைய மாதிரி தடவாதடே. ஏறி மிதி.”

மிதித்தேன். குழாய் நழுவி விரல்முட்டியில் தோல் போயிற்று. சிரித்தோம்.

மலையில் ஓடிய வண்டிக்கு இவ்வளவு துருவா? கேட்டேன். மலையில் மழை அதிகம் என்றான்.

ஜூன் 10

அசையவில்லை.

ஜூன் 15

ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. துருவைத் தின்னட்டும் என்று ஊற்றி, பிறகு ஹோஸால் கழுவினேன். போல்ட் அப்படியே. ஆனால் இரும்புக் கையின் பள்ளத்திலிருந்து சேறு கட்டியாக விழுந்தது. உடைத்தேன். வண்டல். அதற்குள் உமி, வைக்கோல் துணுக்கு, பதராய்ப்போன சாவி நெல்.

நெல்? ரப்பர் காட்டிலா?

ஜெரிஷ் வந்ததும் கட்டியை அவன் கையில் வைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றான்.

“சுசீந்திரத்துல, வயலோரமா மச்சானுக்க வீட்டு வாசல்ல... போன வருசத்துப் பெருவெள்ளத்துல ரெண்டு நாள் கெடந்துச்சு மக்கா. சொன்னா நீ வாங்குவியா?”

“நான் கேட்டேன்லா.”



விற்கும்போது சொன்ன பொய் — சரி, மச்சானுக்காக. ஆனால் என்னோடு மண்ணில் படுத்து, அதே போல்ட்டை மூச்சுப்பிடித்து இழுத்தானே. ஏன் இறுகியது என்று தெரிந்துகொண்டே. மழைன்னானே. எப்பிடி மக்கா முடிஞ்சுது ஒனக்கு?

ஜூன் 16

வண்டியைத் திருப்பிக் கொடு என்கிறாள் அக்கா. வண்டியையா?

ஜூன் 22

கட்டிங் வீல் வாடகைக்கு எடுத்தேன். போல்ட்டை இருபுறமும் அறுத்தேன். தீப்பொறி, கருகிய ரப்பர் நாற்றம். ஜெரிஷ் போனில் அழைத்தான். கையெல்லாம் கிரீஸ். கழுவிய பிறகும் எடுக்கவில்லை.

ஜூன் 23

புதிய புஷ், புதிய போல்ட். தனியாகவே முறுக்கினேன்.

ஜூலை 3

குலசேகரம் சந்தை வழியாகப் போனேன். வண்டியில் சத்தமே இல்லை. டீக்கடை வாசலில் ஜெரிஷ். கையைத் தூக்கினான். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அடிப்பதுபோல ஒரு ஹாரன் அடித்தேன்.

நிறுத்தவில்லை.