உப்பளக் கரையில் தெளித்த பால்

இன்று காலை பால் பாக்கெட்டை வெட்டும்போது கை நழுவி, கடை வாசல் மண்ணில் பாதி கொட்டிவிட்டது. உப்புக் காற்றில் ஊறிய மண்ணும் பாலும் கலந்து எழுந்த வாசனையில் உன் ஞாபகம் வந்து, பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழேயே நின்றுவிட்டேன். தைலம் வாங்க வந்த அம்மாள், "இன்னாங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். மருந்துக் கடைக்காரனைப் பார்த்து!

முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது நீ பிளாஸ்திரி கேட்டாய். "கையிலயா, கால்லயா?" என்றேன். "பானையிலப்பா" என்று சொல்லி, வலையில் ஏறிய பழைய ஜாடியின் உடைந்த கழுத்தை மேசையில் வைத்தாய். மீன் பிடிக்கிறவனுக்குப் பானைப் பித்து. எனக்கு ஏற்கெனவே இருந்தது. பக்கத்து போட்டோ ஸ்டுடியோக்காரரும் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் சேர்ந்துகொள்ள, ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளத்து மேடுகளில் பழைய பானை ஓடு தேடி அலைந்தோம். நமக்கு ஒரே விதிதான். மண்ணுக்குள் எது தெரிந்தாலும் தொடக்கூடாது, கழுவக்கூடாது, போட்டோ எடுத்துவிட்டுத் தொல்லியல் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் மண்ணைச் சோதித்துத்தான் காலம் சொல்வார்களாம். இதை உனக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது. அந்த ஜாடியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து மினுக்கிக்கொண்டு வந்தவனாயிற்றே நீ.

பிறகு சுனாமி வந்த அந்த டிசம்பர். உன் மகள் செல்வியைக் கடல் கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவில்லை. குப்பத்தில் மற்றவர்கள் புதைத்த இடத்தில் பால் தெளித்தார்கள். உனக்குத் தெளிக்க ஒரு பிடி மண் இல்லை. கரையிலாவது ஊற்று என்று பெரியவர்கள் சொன்னபோது, "எடுத்துக்கினு போனதுக்கே பால் ஊத்தணுமா?" என்று கத்தினாய். அதன்பின் வலையையும் தொடவில்லை, என்னோடும் பேசவில்லை.

மாசி மாதம் போல, அலை அரித்துவிட்டுப் போன வாய்க்கால் கரை சரிந்து, ஒரு சின்னத் தாழியின் வாய் தெரிந்தது. செத்தவர்களை உள்ளே வைத்துப் புதைக்கும் பழங்காலத் தாழி. மனம் கொஞ்சம் திரும்பட்டுமே என்று உன்னையும் வம்படியாக இழுத்துப்போனேன். உள்ளே எட்டிப் பார்த்த நர்ஸம்மா, "கொழந்தையோட தாடை" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "நீ போய் போன் பண்ணு. நாய் வராம நான் பாத்துக்கிறேன்" என்றாய்.

மறுநாள் அதிகாரியோடு வந்து பார்த்தால், தாழி நிறையக் கனகாம்பரம். எலும்பெல்லாம் பாலில் நனைந்திருந்தது. ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. "படிச்சவங்கதானே நீங்க? மண்ணெல்லாம் போச்சு. இனிமே இதை வெச்சு என்ன காலம் சொல்றது?" என்று அதிகாரி என்னைப் பிடித்துக்கொண்டார். நீ குறுக்கே வந்து நின்றாய்.

"யாரு பெத்த புள்ளையோ சார். பாத்துட்டு சும்மா எப்படி சார் போறது?"

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாய். செல்வி போனதற்கு நீ அழுது நான் பார்த்தது அன்றுதான். அதிகாரி வண்டியை வரச் சொன்னார். தாழியை வண்டியில் ஏற்றும்போது நீயும் ஒரு கை பிடித்தாய்.

செல்வி போன நாள் அடுத்த வருஷம் வந்தபோது, தாழியைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாய். ஆபீஸ் கிடங்கு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக அட்டைப் பெட்டிகள்தான் தெரிந்தன. "காத்து வருது, மழை ஒழுகல. நல்லாத்தான் வெச்சிருக்காங்க" என்றாய். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டைப் பார்த்துவிட்டு வரும் அப்பனைப் போல வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாய்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி என்று என் கடையில்தான் மருந்து வாங்கினாய். அதிலேயே போய்விட்டாய். என் மருந்து உன்னிடம் மட்டும் பலிக்காமல் போனதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போதும் டிசம்பரில் அந்தக் கிடங்குக்கு நான் தனியாகப் போய்வருகிறேன். போன தடவை வாட்ச்மேன் புதுசு. "யாரைப் பாக்கணும்?" என்று வழிமறித்தார். ஏதாவது ஓர் அதிகாரியின் பெயரைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது வேறு.

"எங்க வீட்டுப் புள்ள ஒண்ணு உள்ள இருக்குதுங்க."