தம்பியின் துவக்குக்கு வேண்டியவை

மோர்னிங்சைட், ஸ்காபரோ
3 மார்ச் 2025

மரியே வாழ்க.

அன்புத் தம்பி றொய்சனுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்தபோது குசினி மேசையில் இருந்தவர்கள்: நான், அத்தான், மகன் றிச்சர்ட். வேறு ஒருவரும் இல்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் சத்தமாக வாசிப்பதுதான் வழக்கம் என்று உனக்கே தெரியும். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா" என்பதை நீ இரண்டாம் பக்கத்தில் எழுதினால் நான் என்ன செய்வது? "இடுப்பில் மறைத்து வைக்கிற சின்னப் பிஸ்டல் துவக்கு ஒன்று வாங்கிவிட்டேன்" என்று முதல் பக்கத்தை அதற்குள் வாசித்து முடித்துவிட்டேன்.

அத்தான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "பெற்றோல் ஸ்ரேசனில இப்ப கௌபோய் வேலையும் குடுக்கினமோ?" என்றார். றிச்சர்ட், "அப்பா, ஒஹாயோவில அது லீகல். இஞ்சதான் ஏலாது" என்றான். இரண்டு பேரிடமும் செபமாலையில் சத்தியம் வாங்கியிருக்கிறேன். கௌசியின் காதுக்குப் போகாது. ஆனால் சொந்தப் பெண்சாதிக்கு நீ ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

சரி, கேட்டதற்கு வருகிறேன். நம் குடும்பத்தில் யார் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் வான் வாங்கினாலும் பட்டியல் என்னிடம்தான் வரும். நானும் கொப்பியில் கோடு போட்டு ஒப்பிட்டுச் சொல்லுவேன். துவக்குக்குப் பூட்டுகிற சாமான்களுக்கும் பட்டியல் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஒரு கிழமை லைப்ரரியில் இருந்து வாசித்தேன். பக்கத்துக் கதிரைப் பெண் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு எழும்பித் தூரப் போய் இருந்துவிட்டாள்.

முதல் வாங்க வேண்டியது உறை. துணி உறை வேண்டாம். ட்ரிகரை முழுக்க மூடி நிற்கிற கெட்டி உறையாகப் பார். அதோடு தொய்யாத ஒரு பெல்ற். இந்த இரண்டுக்கும் காசு பார்க்காதே. மங்கலான வெளிச்சத்தில் பச்சையாக மினுங்குகிற குறிமுனை பூட்டலாம், உன் கண்ணாடி நம்பரும் கூடிக்கொண்டுதானே போகிறது. இரண்டு குண்டு கூடப் பிடிக்கும் என்று அடியில் மாட்டுகிற நீட்டுத் துண்டு வேண்டவே வேண்டாம். சேட்டுக்கு மேலால் துருத்தும். மறைக்க என்று வாங்கியதை ஊருக்குக் காட்டுவதா? பிடியில் ஒட்டுகிற சொரசொரப்பு ரேப் மலிவுதான், ஆனால் உடுப்பைத் தின்றுவிடும்.

கடைசி இரண்டும்தான் எனக்குப் பிடிபடவில்லை. துவக்கில் லைற் எதற்கு? ட்ரிகரை மாற்றி மெதுவாக்குவது எதற்கு? காரணத்தை எழுது. அதுவரை அந்த இரண்டையும் வாங்காதே.

நாளை மறுநாள் விபூதிப் புதன். உனக்காகவும் ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிக்கிறேன். ஸ்டெபனிக் குட்டிக்கு முத்தம்.

அன்புடன் அக்கா,
பேர்ணடெற்


கிளீவ்லாண்ட்
14 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கடை முகவரிக்கு வந்து சேர்ந்தது. இனியும் இங்கேயே போடுங்கோ. வாட்ஸப் வேண்டாம், என் போன் எப்போதும் மகள் ஸ்டெபனியின் கையில்தான். ஆறு வயதில் என்னைவிட நன்றாக வாசிக்கிறாள்.

உறையும் பெல்ற்றும் நீங்கள் சொன்னபடியே எடுத்துவிட்டேன். கௌசி பெல்ற்றைக் கண்டுவிட்டு, "இதென்னப்பா, மாடு கட்டிற வார் மாதிரி?" என்றா. முதுகு நோவுக்கு டொக்டர் போடச் சொன்னது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் எனக்கு முதுகில் தைலம் பூசிவிடுறா. அத்தானுக்குச் சொல்லாதேங்கோ, சிரிப்பார்.

ஜனவரியில் அந்த இரண்டு பேரும் கடைக்கு வந்து கல்லாவைக் காலி செய்துகொண்டு போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கதவு மணி அடித்தால் கை தானாக இடுப்புக்குப் போகிறது. ஒரு நாளைக்கு நாற்பது தரம் தொட்டுப் பார்க்கிறேன். பூசையில் சமாதானம் சொல்ல ஒரு கையை நீட்டும்போது மற்றக் கை அங்கேதான் நிற்கிறது.

லைற் ஏன் என்று கேட்டீர்கள். போன செவ்வாய் மத்தியானம் ஸ்ரோர் றூமில் பல்ப் எரியவில்லை. சோடாப் பெட்டிகளுக்குப் பின்னால் ஆள் அசைகிறது. எடுத்து நீட்டிவிட்டேன், விரலும் இழுக்கத் தொடங்கிவிட்டது. பார்த்தால் கௌசி. சாப்பாடு கொண்டு பின்கதவால் வந்தவ, கீழே விழுந்த கரண்டியைக் குனிந்து தேடிக்கொண்டு நிற்கிறா. என் பக்கம் திரும்பவில்லை, ஒன்றும் தெரியாது. நானும் துவக்கை வைத்துவிட்டுப் புட்டைச் சாப்பிட்டேன். லைற் இருந்திருந்தால் உடனேயே ஆளைத் தெரிந்திருக்கும். அதனால் லைற் கட்டாயம். இரண்டு விதம் பார்த்து வைத்திருக்கிறேன், படம் இதற்குள் இருக்கிறது. எது திறம் என்று சொல்லுங்கோ.

ட்ரிகர் கல்லு மாதிரி. இழுக்கத் தொடங்கினால் முடிகிறதுக்குள் விடிந்துவிடும். ஏப்ரல் 5 சனிக்கிழமை துவக்குக் கடைக்காரன் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்புத் தம்பி,
றொய்சன்


மோர்னிங்சைட்
24 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

இந்த முறை கடிதத்தைக் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக வாசித்தேன். அத்தான் வெளியில் நின்று, "என்னவாம் ஷெரிப்?" என்று கேட்டார். எல்லோரும் சுகம் என்று பொய் சொன்னேன். தவக்காலத்தில் எனக்கு இது முதல் பொய்.

ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். கௌசிக்கு நேரே நீட்டினாய் என்பதை வாசித்த பிறகும் முதல் பத்து நிமிசம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த இரண்டு லைற்றில் எது பிரகாசம், எதன் பற்றரி கனநாள் நிற்கும் என்று கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பட்டியலைக் கண்டால் எனக்குக் கண் மறைத்துவிடும். அரிசிக் குக்கர் தெரிவு செய்வது மாதிரி உனக்கு இதைத் தெரிவு செய்து தந்தேனே என்று பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

கேள். அந்த லைற் துவக்கின் குழாய்க்குக் கீழே பூட்டுவது. வெளிச்சம் எங்கே விழுகிறதோ, குழாயும் அங்கேதான் பார்க்கும். யார் நிற்கிறார்கள் என்று அறிய வேண்டுமானால் நீ முதலில் அவர்களுக்கு நேரே துவக்கை நீட்ட வேண்டும். கௌசியாக இருந்தாலும், குழந்தையாக இருந்தாலும். உன் ஸ்ரோர் றூமுக்கு வேண்டியது மூன்று டொலர் பல்ப், தம்பி. இன்றைக்கே போடு.

ட்ரிகர் கல்லு மாதிரி என்கிறாய். அந்தக் கல்லுத்தானடா செவ்வாய்க்கிழமை உன் விரலை மறித்தது. இழுத்து முடிவதற்குள் நீ ஆளைக் கண்டுவிட்டாய். விடியுமட்டும் இழுபடட்டும். அதை மாற்றாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், மாற்றாதே.

துவக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் அங்கே இல்லை, உன் கடையில் நிற்பவள் நானில்லை. ஆனால் நாற்பது தரம் தொட்டுப் பார்ப்பதை டொக்டரிடம் சொல்லு. கௌசியிடம் எல்லாவற்றையும் சொல்லு. ஐந்தாம் திகதிக்கு முன் நீ சொல்லாவிட்டால் நான் சொல்லவேண்டி வரும். எங்கள் கோயில் சுவாமியாரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "ஆபத்தில நிக்கிற ஆளுக்குத் தெரியாமல் இருக்கலாமோ, பிள்ளை?" என்று திருப்பி என்னைக் கேட்டார்.

இது எக்ஸ்பிரசில் வருகிறது.

அக்கா


கிளீவ்லாண்ட்
6 ஏப்ரல் 2025

அக்கா,

கடிதம் நேரத்துக்குக் கிடைத்தது. நாலு தரம் வாசித்தேன்.

நீங்கள் பதினோராம் மாடியில் இருக்கிறீர்கள். கீழே கதவில் ஆள், லிஃப்டில் கமரா. அங்கே இருந்துகொண்டு பல்ப் போடு என்று எழுதலாம்.

ஜனவரியில் நடந்ததில் பாதியைத்தான் உங்களுக்குச் சொன்னேன். கௌசிக்கும் அவ்வளவுதான். கல்லாவைக் கொடுத்த பிறகும் அவங்களில் ஒருத்தன் போகவில்லை. முழங்காலில் இருக்கச் சொன்னான். நெற்றியில் துவக்கை வைத்தான். அந்தக் குளிர் இன்னும் நெற்றியில் நிற்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டெபனியின் பள்ளிக்கூடப் படம் ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எடுத்து, வடிவான பிள்ளை என்று சொல்லி, பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனான். படத்தில் அவளுடைய பள்ளிக்கூடப் பெயர் இருக்கிறது. பொலிஸ் வர நாற்பது நிமிசம்.

இதைக் கௌசிக்குச் சொன்னால் அவ பிறகு நித்திரை கொள்ளுவாவா? வீட்டில் ஒருத்தர் முழிச்சிருந்தால் போதும்.

நேற்று ட்ரிகர் மாற்றியாயிற்று. வெண்ணெய் மாதிரி இருக்கிறது. லைற்றை நானே தெரிவு செய்து வாங்கிவிட்டேன். இனிப் பட்டியல் அனுப்ப மாட்டேன், உங்களுக்குக் கரைச்சல் இல்லை.

கௌசிக்கு நீங்கள் சொன்னால் எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை.

றொய்சன்


மோர்னிங்சைட்
14 ஏப்ரல் 2025, பெரிய கிழமைத் திங்கள்

றொய்சன்,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஒரு செபமாலை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுக் கௌசியின் வேலையிடத்துக்குப் போன் எடுத்தேன். துவக்கு, ஸ்ரோர் றூம், நெற்றி, படம், புதிதாக மாற்றிய ட்ரிகர். ஒன்றையும் விடவில்லை. கடைசிவரை கேட்டாள். பிறகு, "மச்சாள், நான் இவ்வளவு நாளும் துவக்குக்கோ தைலம் பூசினனான்?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை உனக்கு அவள் என்ன எழுதி வைத்துவிட்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. பின்னேரம் நாலரைக்கு எங்கள் கட்டடத்தின் கீழே நின்று போன் பண்ணினாள். றிச்சர்ட் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தான். குழந்தை வழி முழுக்க நித்திரையாம். நேற்றுக் குருத்தோலைப் பூசைக்கு எங்களுடன் வந்தார்கள். ஸ்டெபனி ஓலையால் அத்தானின் காதைக் குத்திக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு பகிடியும் விடவில்லை. உன் விசயத்தில் அவர் பகிடி விட்டு இப்போது நாலு நாளாகிறது.

கௌசி கோபமாகத்தான் இருக்கிறாள். ஆனால் நீ நினைக்கிற கோபம் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "துவக்கு வாங்கினதுக்கில்லை மச்சாள். என்ர முதுகுக்கு நேர நீட்டிப்போட்டு, அந்தக் கையாலேயே என்ர புட்டைச் சாப்பிட்டவர். ஒரு சொல்லுச் சொல்லேல்லை." அதற்குப் பிறகு, "நெத்தியில வச்சவங்கள் எண்டு எனக்குச் சொல்லியிருந்தால், நான் கடையில பக்கத்தில நிண்டிருப்பன். தனியக் கிடந்து வெந்திருக்கிறார், விசரன்" என்றாள். பள்ளிக்கூடத்துக்கும் பொலிசுக்கும் படத்தைப் பற்றி வெள்ளிக்கிழமையே அவள் சொல்லிவிட்டாள். மூன்று மாதமாக நீ தனியாகக் காவல் இருந்த விசயம் அது. அவளுக்கு அரை நாள் எடுத்தது.

அவள் கேட்பது இவ்வளவுதான். பழைய ட்ரிகரைத் திரும்பப் போட வேண்டும். வீட்டுக்குள் வந்தால் துவக்கு பூட்டுப் பெட்டிக்குள் போக வேண்டும், பெட்டியின் நம்பர் அவளுக்கும் தெரிய வேண்டும். டொக்டரிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். விற்கச் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், அவள் சொல்லவில்லை.

ஈஸ்டர் லீவு முடிந்து அடுத்த கிழமை செவ்வாய் ஸ்டெபனிக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. ஈஸ்டருக்கு அடுத்த நாள் காலமை கிளீவ்லாண்டுக்குக் கார் எடுப்பதா, இல்லாவிட்டால் இங்கே மோர்னிங்சைட்டில் பள்ளிக்கூடம் விசாரிப்பதா என்று தெரியாமல் அவள் பெட்டியைக் காலி செய்யாமலே வைத்திருக்கிறாள். ஒவ்வொரு உடுப்பாக இழுத்து எடுத்து உடுத்துகிறாள். சனிக்கிழமையிலிருந்து நீ ஒருவரின் போனையும் எடுக்கவில்லை. அதனால்தான் இதையும் எக்ஸ்பிரசில் அனுப்புகிறேன், புதன்கிழமை உன் கையில் கிடைக்கும் என்று சொன்னார்கள்.

அக்கா இல்லை என்று எழுதியிருந்தாய். அதை உன் விருப்பத்துக்கு விடுகிறேன். நீ பேசாமல் இருந்தாலும் நான் செய்தது இதுதான், இன்னொரு முறை வந்தாலும் இதைத்தான் செய்வேன். எனக்குப் பதில் போட வேண்டாம். கௌசிக்குப் போடு. ஓம் என்றாலும் இல்லை என்றாலும், பெரிய வெள்ளிக்கு முன் அவளுக்கு ஒரு பதில் சொல்லு.

பேர்ணடெற்