முழுகாமல் இருக்கிறேன் என்றாய்

போலாரம்,
மே 2006

அன்புள்ள ப்ரியாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். கடிதத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். அங்கே நீ நலமா என்று கேட்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது, ஏனென்றால் உனக்கு நேர்ந்ததை நீயே என்னிடம் சொல்லியும் எனக்குப் புரியாமல், பிறகு மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ போனை எடுப்பதில்லை. ஈமெயில் போடலாம் என்றால் எனக்குத் தட்டத் தெரியாது, அப்பாவைத் தட்டச் சொன்னால் இதெல்லாம் எதற்கு என்று பாதியை அவரே தள்ளிவிடுவார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்துகளைப் பெரிது பெரிதாகவே போட்டிருக்கிறேன், எழுத்துக்கூட்டியாவது நீயே படி, அங்கே எந்தத் தமிழ்ப் பெண்ணிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, மானம் போய்விடும்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. குழாயில் தண்ணீர் வருவதில்லை, டேங்கர்காரனுக்காகக் குடங்களோடு வாசலில் நிற்கிறோம். ஒரு குடம் தண்ணீருக்கு நான் இங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்க, நீ அங்கே மெல்போர்னில் ஒரு கடல் தண்ணீருக்குள் போய் இறங்குகிறாய், நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. அப்பா தினமும் காலையில் பஜாரில் இருக்கும் இன்டர்நெட் சென்டருக்குப் போய்விடுகிறார். ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆன மனுஷன் இப்போது உன் செலஸ்டினா கப்பலில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருக்கிறார். அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த கப்பலாம், மூடுபனியில் பாறையில் மோதி முழுகிப்போனதாம், பயணிகள் படகில் ஏறித் தப்பித்துவிட்டார்களாம், அடித்தட்டில் கரி அள்ளிக்கொண்டிருந்தவர்கள்தான் ஏறி வரவில்லையாம், எல்லாம் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பாடம் நடத்துகிறார். சார்மினாரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் நுனி வெளியே தெரியாதாம். நேற்று டிபன் கேரியரை மேஜைமேல் படுக்கவைத்து, கப்பல் இப்படித்தான் சாய்ந்து கிடக்கிறது, அதனால் தரை சுவராகிவிடும், கதவு தலைக்கு மேலே இருக்கும், உள்ளே போகிறவர்களுக்கு எது மேல் எது கீழ் என்பதே மறந்துபோகும் என்றார். நான் கேரியரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்குள்தான் என் பெண் மாட்டிக்கொண்டாள் என்று அவருக்கும் தெரியும், தெரிந்துதான் பேசிக்கொண்டே இருக்கிறார், பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை இரண்டு தடவை எழுந்து போய் டேங்கர் வந்ததா என்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன், இனி எழுந்திருக்க மாட்டேன். போன மாதம் நீ போன் செய்தாய் அல்லவா. வழக்கமாக நான் தமிழில் கேட்டால் நீ பாதித் தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொல்வாய், நான் வாயில் தமிழ் வராதா என்று கத்துவேன். அன்றைக்கு நீ எடுத்த எடுப்பிலேயே நிறுத்தி நிதானமாகத் தமிழில், அம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், மூணு மாசமா நான் முழுகாம இருக்கேன் என்றாய். டாக்டர் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கச் சொல்லியிருக்காங்க, ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருந்தாங்க என்றாய். தலை சுத்துதா என்று கேட்டேன், சுத்திச்சு, இப்ப பரவாயில்ல என்றாய். கை கால் வலி இருக்கா என்றேன், இருந்துச்சு, மூட்டு மூட்டா வலிச்சுது என்றாய். நீயே சொல், நான் வேறு என்னவென்று நினைப்பேன்? உனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, தப்பு உன்மேல் இல்லை. நம் பக்கத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் அவள் உண்டாகியிருக்கிறாள், பிள்ளை பெறப்போகிறாள் என்று அர்த்தம். மாதாமாதம் தலை முழுகுவது நின்றுபோயிற்று, அதைத்தான் அப்படிச் சொல்வோம். கல்யாணமாகி நாலு வருஷமான பெண் அம்மாவுக்குப் போன் செய்து அந்த வார்த்தையைச் சொன்னால் எந்தத் தாய்க்குக் கடலும் கப்பலும் ஞாபகம் வரும்? நீ எப்போதும் டைவ் டைவ் என்றுதான் சொல்வாய், அதைச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அன்றைக்குப் பார்த்து எனக்காகத் தமிழைத் தேடிப் பிடித்திருக்கிறாய்.

நான் போட்ட கூச்சல் உன் காதில் இன்னும் இருக்கும். நீ குரலைத் தாழ்த்தி, நீ சந்தோஷப்படுறியாம்மா என்று கேட்டாய். வெட்கப்படுகிறாய் என்று நினைத்தேன். பின்னே, இதுக்குத்தானே இத்தனை நாள் சாமிகிட்ட வேண்டிக்கிட்டு இருந்தேன் என்று சொன்னேன். போன் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ எடுக்காததெல்லாம் மசக்கை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கே மைசூர்பாகு கிளறினேன், பக்கத்து வீட்டு யூசுப் பாய் வீட்டுக்கு முதல் தட்டு போயிற்று. போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு நானே பஸ் பிடித்துப் போய் ஒரு கூடை மாங்காய் வாங்கி வந்து வற்றல் போட்டேன், வாய்க்குப் புளிப்பாகக் கேட்பாயே என்று. பாலில் போட்டுக் குடிக்கக் குங்குமப்பூவும் வாங்கினேன். மெல்போர்னுக்குப் புறப்பட்ட உங்கள் கம்பெனிப் பையனைப் பிடித்து அத்தனையும் அவன் பெட்டியில் திணித்தேன். உன் மாமியாருக்கு வேறு போன் போட்டுச் சொல்லிவிட்டேன், அந்தம்மா வதினகாரு வதினகாரு என்று என்னை அண்ணி முறை சொல்லி உருகிப்போய்விட்டார்.

மாப்பிள்ளைதான் போன வாரம் பேசினார். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, ஆன்ட்டி குங்குமப்பூ எதற்கு, பிரியாணி செய்யச் சொல்கிறீர்களா என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். ஆன்ட்டி, அது அப்படி இல்லை என்றார். பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். ஜனவரியில் நீ அந்தக் கப்பலின் சாப்பாட்டு ஹாலுக்குள் போனது, கூரையிலிருந்து துரு கொட்டி வண்டல் கிளம்பிக் கண்ணுக்கு முன்னால் வைத்த கையே தெரியாமல் போனது, வழிக்குக் கட்டிக்கொண்டு போன கயிறு கையிலிருந்து நழுவியது, கதவு எது என்று தெரியாமல் சுவரெல்லாம் தடவியது. வெளியே வந்தபோது சிலிண்டரில் காற்று போதவில்லை, அங்கங்கே நின்று நிதானமாக ஏற வேண்டியவள் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டாய், அதனால் ரத்தத்தில் குமிழி கட்டி, அது கரைய உன்னைக் காற்றழுத்தம் ஏற்றிய ஓர் இரும்பு அறைக்குள் படுக்கவைத்தார்கள், மூன்று மாதம் கடலில் இறங்கக் கூடாது என்றார்கள். இதைத்தான் நீ என்னிடம் சொல்ல வந்திருக்கிறாய். நான் செத்துப் பிழைத்து வந்தேன் என்று சொன்ன மகளிடம், இதற்குத்தான் வேண்டிக்கொண்டேன் என்று சொல்லி, தெரு முழுக்க இனிப்பும் கொடுத்திருக்கிறேன். உனக்குக் கடல் வேண்டாம் என்று நான் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன், அதனால் நீ முழுக முடியாமல் போயிற்று என்று கேட்டு அம்மா ஆடுகிறாள் என்றுதானே நினைத்திருப்பாய். எனக்கு நெஞ்சே ஆறவில்லையடி. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் அந்தச் சாப்பாட்டு ஹால்தான், நானும் சுவரைத் தடவுகிறேன்.

இனிப்பு கொடுத்த வீட்டுக்கெல்லாம் போய் அவள் உண்டாகியிருக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். யூசுப் பாய் வாசலில் வாய்விட்டு அழுதுவிட்டேன். கைக்கு ரோதே அம்மா, பச்சி சலாமத் ஹை நா, ஏனம்மா அழுகிறீர்கள், பெண் பத்திரமாக இருக்கிறாளே அது போதாதா என்றார். உன் மாமியார் அய்யய்யோ இதேமிடி, இதென்ன இப்படி என்று ஒரு மூச்சு அழுதுவிட்டு, பிறகு உன் மூட்டு வலியைத்தான் விசாரித்தார். அந்தம்மாவை நான் இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தேன்.

இப்போது மறுபடியும் அடுத்த மாதம் அதே கப்பலுக்குப் போகிறாயாம். டாக்டர் சரி என்று சொல்லிவிட்டாராம். இப்போது போகாவிட்டால் இனித் தண்ணீரில் தலையையே வைக்க மாட்டேன் என்று சொன்னாயாம். போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பா, எழுது, எழுதி அவள் கேட்டுவிட்டால் உனக்குச் சந்தோஷமா என்றார். ஆமாம் சந்தோஷம்தான் என்றேன், அது சத்தியம். உன் சம்மதமெல்லாம் எனக்குத் தேவையில்லை என்று நீ போவாய், அதுவும் தெரியும், நீ என் வயிற்றில் பிறந்தவள்தானே, பிடிவாதத்துக்கு வேறு எங்கே போவாய். அதனால் சரி என்றும் எழுத மாட்டேன், வேண்டாம் என்றும் எழுத மாட்டேன். கயிற்றை விடாதே. உள்ளே தட்டு இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது என்று எதையும் தொடாதே. காதில் சின்ன வலி இருந்தாலும் இறங்காதே. ஏறும்போது எங்கே நிற்கச் சொல்கிறார்களோ அங்கே நில், பொறுமை உனக்குச் சுத்தமாகக் கிடையாது, அது என்னிடமிருந்து வந்தது, அந்த ஒரு இடத்தில் மட்டும் அப்பா பெண்ணாக இரு. அந்தக் கரி அள்ளினவர்கள் பக்கம் போனால் மனதுக்குள் ஒரு கும்பிடு போடு, அவர்களையும் யாரோ ஓர் அம்மா எதிர்பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

எந்தத் தண்ணீரில் இறங்கினாலும் குறை ஒன்றும் இல்லாமல் நீ கரையேற வேண்டும், நீயும் மாப்பிள்ளையும் நிறைவாக இருக்க வேண்டும், பிள்ளை வந்தால் வரட்டும், வராவிட்டால் என் பிள்ளை நீ இருக்கிறாய். ஆனால் கடலில் இறங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய். அந்த இருட்டில் என்ன நடந்தது என்று மாப்பிள்ளை சொன்னது போதாது, நீ சொல்லி நான் கேட்க வேண்டும். தமிழே வேண்டாம். தெலுங்கில் சொல், இங்கிலீஷில் சொல், உனக்கு எது வாயில் வருகிறதோ அதில் சொல். நடுவில் நான் வாயைத் திறக்க மாட்டேன், புரியாத வார்த்தை வந்தால் அப்பாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா,
வேதவல்லி தண்டபாணி